கடைசிக் கூடாரத்து உப்பு

காட்டில் தங்க இடம் தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கழிப்பறையைப் பற்றித்தான், ஐயா. வெந்நீர் வருமா, உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, உட்கார்ந்திருக்கும்போது பாம்பு கீம்பு வந்துவிடாதே என்றெல்லாம் கேட்பார்கள். சிங்கமும் சிறுத்தையும் அப்புறம்தான். லுவாங்வா ஆற்றங்கரையில் முகாம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். நான் மேலாளராக இருந்தவரை இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கேள்வி, யானை பக்கத்தில் வருமா என்பது. எங்கள் கரையில் முகாம்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லா இடத்திலும் அதே கொசுவலை, அதே ஆறு, அதே நீர்யானைச் சத்தம். சில முகாம்களில் நீச்சல்குளம் உண்டு, எங்களிடம் அதுவும் கிடையாது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பெண்மணி சமையலறையில் உட்கார்ந்து படம் படமாகத் தள்ளிப் பார்த்து, "இங்கே போகலாம்" என்று விரலை வைக்கிறாள். அந்த விரல் எங்கள் முகாமின்மேல் விழ வேண்டும். விழாவிட்டால் சமைக்கிறவர், துவைக்கிறவர், படகு தள்ளுகிறவர் எல்லாரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

அதனால்தான் உப்பு வைத்தேன். மாட்டுக்கு வைக்கிற கல் உப்புதான், சிப்பாட்டா சந்தையில் மூட்டையாகக் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, கடைசிக் கூடாரத்துக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் ஊற்றிவிடுவேன். மண் அதைக் குடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. யானைகள் விடியற்காலையில் வந்து மண்ணைக் கிளறித் தின்னும். விருந்தாளிகள் படுக்கையில் படுத்தபடியே பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், ஊருக்குப் போய் எழுதுவார்கள். அந்த வருஷத்திலிருந்து கடைசிக் கூடாரத்தைக் கேட்டுத்தான் ஆட்கள் வந்தார்கள். முதலாளி லுசாக்காவிலிருந்து போன் பண்ணி, "ஜெரே, உனக்கு ராசியான கை" என்றார். விஷமா வைத்தேன்? ஒரு யானையைக்கூட நான் துன்புறுத்தியதில்லை.

கசோண்டே எங்கள் தலைமை வழிகாட்டி. அவன் பெம்பா, நான் ங்கோனி. இந்த இரண்டு இனத்துக்கும் நடுவில் இருக்கிற கேலி முறை உங்களுக்குத் தெரியாததல்ல. பாட்டன்மார் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள், நாங்கள் வாயால் குத்திக்கொள்கிறோம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் அவனுக்கு எலித்தின்னி, அவன் எனக்குக் குரங்குத்தின்னி. ஒரே தட்டில் ஷீமா களி பிசைந்து தின்றுகொண்டே திட்டிக்கொள்வோம். அவனைப்போல ஒரு மச்சான் எனக்கு இனிமேல் கிடைக்க மாட்டான்.

ஒரு மத்தியானம் நான் வாளியோடு புளியமரத்தடியில் நிற்கும்போது அவன் வந்துவிட்டான்.

"என்ன மச்சான், எலி வளைக்குத் தண்ணி ஊத்துறியா? ராத்திரிச் சோத்துக்கா?"

நான் சிரித்தேன். அவன் குனிந்து ஈர மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேடா."

"இதுவரைக்கும் ஆகலை. யானைக் கூட்டத்துல குட்டி போட்ட அந்தப் பெரியவ, துணி காயப்போட்ட பொண்ணைத் துரத்துனாளே, ஏன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். இது அவ சோத்துத் தட்டுன்னு ஆயிப்போச்சு, அதான். அடுத்த வாரம் இந்தக் கூடாரத்துக்குக் கைக்குழந்தையோட ஒரு குடும்பம் வருது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஞாயித்துக்கிழமை முதலாளி வரார். நீயே சொல்லிடு மச்சான். நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன். இதுல மட்டும் நமக்குள்ள கேலி கிடையாது."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன், இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பக்கத்திலிருந்தும் பாருங்கள். உப்பு விஷயம் வெளியே போனால் என் வேலை போவது இருக்கட்டும், அந்த யானைப் படங்கள் எல்லாம் பொய்யாகிவிடும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லா முகாமிலும் எங்கள் பெயர் நாறிப்போகும். ஒருத்தன் மனசாட்சிக்காக இத்தனை குடும்பங்கள் தெருவில் நிற்கணுமா? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீ வேண்டாம், ஐயா. அப்படியே இருக்கட்டும்.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்காரர் குடிசைகளிலிருந்து கூடாரங்களுக்குப் போகிற பாதை அடர்ந்த புதருக்குள் வளைந்து போகும், நடக்கிறவனுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. உயரத்தில் இருக்கிற சமையல் மேடையிலிருந்து பார்த்தால் முழுப் பாதையும் தெரியும். பாதையில் யானை நின்றால், மேடையில் இருக்கிறவர் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். துணி இருந்தால் யாரும் புதருக்குள் கால் வைக்க மாட்டார்கள், இல்லையென்றால் யோசிக்காமல் நடப்பார்கள். கசோண்டேயே வகுத்த ஏற்பாடு அது. புதிதாக வருகிறவர்களிடம், "உன் கண்ணை நம்பாதே, கம்பத்தை நம்பு" என்று சொல்லிக்கொடுப்பான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் உப்புத் தண்ணீரைப் புளியமரத்தடியில் ஊற்றவில்லை. பாதை வளைவில் ஊற்றினேன். கை தவறி ஊற்றிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

விடிந்தபோது அந்தப் பெரியவள் குட்டியோடு வளைவில் நின்றாள். சமையல்காரி ஸெலியா அதைப் பார்த்துத் துணியைக் கட்டிவிட்டு, அடுப்பு ஊத உள்ளே போயிருந்தாள். நான் மேடைக்கு வந்தேன். துணியை அவிழ்த்தேன், மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

கசோண்டே விருந்தாளிகளுக்கான டீத் தட்டோடு மேடைக்குக் கீழே வந்தான். வழக்கம்போலக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். ஒரு வாரமாகச் சரியாகப் பேசாதவன் அன்றைக்குச் சிரித்தான். நான் முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று நம்பியிருக்க வேண்டும்.

"என்ன எலித்தின்னி, விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டே? பொறியில ஒண்ணும் மாட்டலையா?"

"போடா குரங்குத்தின்னி, டீ ஆறிப்போகுது," என்றேன்.

அவன் போனான். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். தட்டு விழுகிற சத்தம் முதலில் வந்தது. யானை ஆற்றுப் பக்கம் இறங்கியதும் முதலில் ஓடியது நான்தான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கையில் இருந்த துணியை விரித்து அவனைப் போர்த்தினேன்.

துணியைக் கட்டினேன் என்று ஸெலியா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். "கட்டணும்னு நினைச்சிருப்பே, அடுப்பு அவசரத்துல மறந்திருப்பே. மனுஷங்கதானே?" என்று ஆறுதல் சொன்னேன். அவளும் நம்பிவிட்டாள். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அழுகிறாள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிடச் சொன்னார் முதலாளி, நான்தான் மன்றாடிக் காப்பாற்றினேன். வனத்துறையினர் வந்து அந்தப் பெரியவளைச் சுட்டுவிட்டார்கள். குட்டி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

கைக்குழந்தைக்காரர்கள் சொன்ன நாளில் வந்தார்கள். அவர்களை நடுக் கூடாரத்துக்கு மாற்றினேன். குழந்தை ஒரு கீறல் இல்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தது. கசோண்டே கேட்டதும் அதைத்தானே? உப்பையும் நிறுத்தவில்லை. பழக்கிவிட்டுப் பாதியில் நிறுத்துவது வாயில்லா ஜீவனுக்குச் செய்கிற கொடுமை. நடந்ததைக் கேள்விப்பட்டு வருகிறவர்களும் கடைசிக் கூடாரத்தைத்தான் கேட்கிறார்கள்.

இழவு வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். செத்தவனைப்போல நடித்து அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது கேலி முறைக்காரன் கடமை, அதைச் செய்தேன். கசோண்டேயின் சட்டையைப் போட்டுக்கொண்டேன், அவன் தொப்பியை வைத்துக்கொண்டேன், தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவனைப்போலவே நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள். பிறகு சவப்பெட்டி பக்கத்தில் நின்று சொன்னேன்.

"எதுக்கு யானையைத் திட்டுறீங்க? இந்தக் குரங்குத்தின்னியைக் கொன்னது நான்தான். என் உப்பைப் பத்தி முதலாளிகிட்ட சொல்லிடுவேன்னு மிரட்டினான். கம்பத்துத் துணியை அவிழ்த்தேன், ஆளை அனுப்பிட்டேன்."

துணியை அவிழ்ப்பதுபோல நடித்தும் காட்டினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் பெண்டாட்டி முவாப்பேகூட, "போதும் ஜெரே அண்ணே, வயிறு வலிக்குது," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று நாளாக வாயைத் திறக்காதவளாம். சிரிக்க வைத்ததற்காக அவள் தாய்மாமன் எனக்குக் கோழி ஒன்று கொடுத்தார்.

மழைக்காலம் கழிந்து அதே முவாப்பே முகாமுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கம்பத்துல துணி இல்லைன்னுதானே அவர் புதருக்குள்ள போனார்? அப்ப அவரைப் போர்த்துன துணி உங்க கைக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

"அதான் அன்னைக்கே சொன்னேனேம்மா," என்றேன். அவள் சிரிக்கவில்லை. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று கேட்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் எதை மறைத்தேன்? பட்டப்பகலில், ஊர் கூடியிருக்கும்போது, அவன் பெண்டாட்டி காது கேட்க, ஒரு சொல் விடாமல் ஒப்புக்கொண்டேன். அவர்கள் சிரித்தபோது என் நெஞ்சிலிருந்த பாரம் அப்படியே இறங்கிப்போனது. மன்னித்துவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நீங்களும் பெம்பா என்று வாசலில் நிற்கிற கான்ஸ்டபிள் சொன்னார். அப்படியானால் நீங்களும் எனக்கு மச்சான் முறைதான். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லிவிட்டேன், நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லையே, ஐயா.