படகுக்கு ஏத்த அடுப்பு

ஆமா தம்பி, நாலுமே விக்கிறதுக்குத்தான். விளம்பரத்துல சரியாத்தான் போட்டிருக்காங்க. படகுக்கு ஏத்த அடுப்பு நாலு, அதிகம் உபயோகிக்காதது. அதிகம் என்ன அதிகம், ஒன்னொன்னும் மூணு தடவ எரிஞ்சிருந்தா பெரிய விஷயம். பால்கனிக்கு வாங்க. குனிஞ்சு வாங்க, துணி காயுது.

இத்தன எதுக்கா? நீங்க ஒரு அடுப்பு வாங்கலாம்னு கிளம்பி வந்திருக்கீங்க பாருங்க, அதே மாதிரிதான் எங்க வீட்டுக்காரரும் கிளம்பினாரு. ஒரே ஒரு அடுப்பு. ரெண்டு வருஷம் ஆச்சு.

அவர் இல்லப்பா, வெளிய போயிருக்காரு. பரவால்ல, என்னக் கேளுங்க. இந்த நாலப் பத்தி எனக்குத் தெரியாதது எதுவும் அவருக்கும் தெரியாது. உங்க படகு எவ்ளோ நீளம்? இருபது அடியா. எங்களோடது இருபத்திரண்டு. உள்ள நிமிந்தா தலை இடிக்குமே? எங்களோடதும் அப்படித்தான். வீட்டம்மாவும் வராங்களா? ஓ, வராங்களா. அத அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா? சும்மாதான் கேட்டேன், கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் பரிசோதனை அதிகாரியா இருந்தவரு. இருபத்தொன்பது வருஷம். கட்டடம் கட்டடமா ஏறி எறங்கி, கயிறு தேஞ்சிருக்கு, கதவு சரியா மூடல, மணி அடிக்கல, நிறுத்துன்னு எழுதிக் குடுக்கற வேல. நல்லாத்தான் செஞ்சாரு, கொற சொல்லக் கூடாது. அவர் இருந்த வரைக்கும் இந்த ஊர்ல ஒரு லிஃப்டும் விழல. விழணும்னா மொதல்ல ஓடணுமே? பாதி லிஃப்ட நிறுத்தியில்ல வெச்சிருந்தாரு. அவரால மாடிப்படி ஏறி ஏறி இந்த ஊர்ல எத்தன பேருக்கு முட்டி போச்சோ.

வேலையிலருந்து ஓய்வு பெத்த மறுவாரம் என்னக் கையப் பிடிச்சு படகுத் துறைக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு வெள்ளப் படகு நிக்குது, நீலக் கோடு போட்டு. நம்மளதுங்கறாரு. எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாருங்க, கோவம் வந்துச்சு. ஆனா உள்ள எறங்கிப் பாத்ததும் போயிடுச்சு. ரெண்டு பக்கமும் படுக்கறதுக்குப் பலக, நடுவுல கையகல மேஜ, வட்டமா ஒரு ஜன்னல். கரைய ஒட்டியே போய் கலங்கரை விளக்கத் தீவு வரைக்கும் பாத்துட்டு வரலாம், பத்து நாள், நீயும் நானும் மட்டும்னாரு. தம்பி, நான் கீழ கடை வெச்சு திரைச்சீலை தைக்கறவ. அடுத்தவங்க ஜன்னலுக்குத் துணி போட்டுப் போட்டே அம்பத்தஞ்சு வயசாயிடுச்சு. கடல நான் கரையில நின்னுதான் பாத்திருக்கேன். கடல்லருந்து கர எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் ஒரு ஆசை வந்துச்சு.

மெத்தைக்கு உறை தெச்சேன், அந்த வட்ட ஜன்னலுக்கு வட்டமா திரை தெச்சேன். எல்லாம் ரெடி. எப்பப் போறோம்னேன். அடுப்பு ஒன்னுதான் பாக்கின்னாரு.

இதோ, இதுதான் மொதல்ல வாங்கினது. கேஸ். இந்த டப்பாவ இப்படிச் சொருகித் திருகினா போதும். வாங்கின அன்னிக்கே தண்ணி கொதிக்க வெச்சோம். அப்புறம் எதையோ உக்காந்து படிச்சிருக்காரு. கேஸ் காத்தவிடக் கனமாம். வீட்டுல கசிஞ்சா கதவு ஜன்னல் வழியா போயிடும், படகுல எங்க போகும்? அடியில போய்த் தேங்கிக்கிட்டே இருக்கும். அப்புறம் ஒரு பொறி பட்டாப் போதும். அது நெசம்தான், அதுல நான் அவரக் கிண்டல் பண்ண மாட்டேன். நீங்களும் மனசுல வெச்சுக்கங்க. சரி, கசியுதான்னு பாத்துடலாம்னு சோப்புத் தண்ணி தடவிப் பாத்தோம். ஒரு குமிழிகூட வரல. வரலையேன்னேன். இன்னிக்கு வரலங்கறாரு. அந்த மனுஷன்கிட்ட என்னன்னு பேசுவீங்க?

ரெண்டாவது, இந்தத் தட்டையா இருக்கே, ஸ்பிரிட் அடுப்பு. வெடிக்காது, பம்ப் அடிக்க வேணாம், தண்ணி ஊத்தினாலே அணைஞ்சிடும். ஒரே ஒரு சங்கடம், பகல்ல தீ கண்ணுக்கே தெரியாது. பத்திக்கிச்சா இல்லையான்னு குனிஞ்சு பாத்தாரு. பத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. எடது புருவம் போச்சு. அது மொளைக்கற வரைக்கும், ஒரு பக்கம் மட்டும் யாரையோ சந்தேகப்படற மாதிரியே ஒரு முகம். அதப் பாத்து நான் தெரியாத்தனமா சிரிச்சுட்டேன். ரெண்டு நாள் பேசல.

சிரிங்க, சிரிங்க. இப்பச் சிரிக்கலாம்.

மூணாவது மண்ணெண்ணெய் ஸ்டவ். இதப் பம்ப் அடிக்கறதுக்கு முன்னாடி சூடு பண்ணணும். சூடு பண்ண ஸ்பிரிட் ஊத்தணும். அதாவது ஒரு அடுப்பப் பத்த வைக்க இன்னொரு அடுப்பு. இத எங்க சமையலறையில வெச்சு சோதிச்சாரு. சரியா சூடேறறதுக்கு முன்னாடியே பம்ப் அடிச்சுட்டாரு போல, குப்புனு ஆளு ஒசரத்துக்குத் தீ. கூரை எல்லாம் கரி. மேல் வீட்டுக்காரங்க பயந்துபோய் தீயணைப்பு வண்டியக் கூப்பிட்டுட்டாங்க. நாலு பேரு குழாயும் ஏணியும் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க மாடி ஏறி வராங்க. லிஃப்ட் ஓடலையான்னு கேக்காதீங்க. இவரு அவங்கள நிக்க வெச்சு, உங்க ஏணியோட பூட்டு தேஞ்சிருக்கே, இத யாரு பாத்து விட்டாங்கன்னு கேட்டு, எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பினாரு. அந்தக் கரியத் தொடைக்க எனக்கு மூணு நாள் ஆச்சு.

நாலாவது இந்த மின்சார அடுப்பு. தீயே இல்ல, புகையே இல்ல, இதுதான் அறிவாளிங்க வாங்கறதுன்னாரு. அன்னிக்கு என்னையும் படகுல ஏத்தினாரு. துறையிலருந்து ஒரு எரநூறு அடி போயிருப்போம். கயித்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நான் கரையவே பாத்துக்கிட்டிருக்கேன், எங்க கட்டடம் தெரியுதான்னு. ஒரு டீ போட்டுக் குடிச்சுட்டுப் போலாம்னாரு. அந்த ஒரு டீக்கு பேட்டரி காலி. எஞ்சின் எடுக்கல. அப்புறம் என்ன, மீன் பிடிக்கப் போன ஒருத்தரு எங்களக் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து விட்டாரு. டீ நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல நான் அந்தப் படகுல போனது அந்த எரநூறு அடிதான்.

அப்புறம் அலையில ஆடினா பாத்திரம் கவுந்துடுமேன்னு அடுத்த ஆராய்ச்சி. கூடத்துல கொக்கி அடிச்சு, பலகையக் கயித்துல தொங்க விட்டு, அது மேல அடுப்ப வெச்சு, அடுப்பு மேல பாத்திரம் நெறையத் தண்ணி. நான்தான் அலை. ஆட்டு ஆட்டுங்கறாரு, நான் ஆட்டறேன். இல்ல, இது ஏரி அலை, கடல் அலையா ஆட்டுங்கறாரு. ஆட்டினேன். கீழ் வீட்டம்மா வந்து, உங்க வீட்டுக் குழாய் ஒடஞ்சிருக்கான்னு கேட்டுச்சு.

மூணு தடவ தம்பி. மூணு தடவ கடைக்கு லீவு விட்டு, பத்து நாள் திறக்காதுன்னு எழுதித் தொங்க விட்டு, பை கட்டி, அப்புறம் அடுப்பு சரிப்படலன்னு பையப் பிரிச்சிருக்கேன். தெருவுல எல்லாரும், என்னக்கா, கடல் எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க. அடுப்பே வேணாங்க, வழியில நிக்கற எடத்துல எறங்கி சாப்பிட்டுக்கலாம்னும் சொல்லிப் பாத்தேன். ரெண்டு பேரு போகும்போது அப்படியெல்லாம் பொறுப்பில்லாம இருக்க முடியாதுன்னுட்டாரு. நான்கூட, பாரேன், நம்ம மேல இவ்ளோ அக்கறையான்னு நெனச்சேன். இல்ல, நெசமாத்தான் சொல்றேன், அப்படித்தான் நெனச்சேன்.

போன வாரம் நானே துறைக்குப் போனேன். அங்க ஒரு அம்மா சின்னப் படகுல டீயும் முட்டையும் வித்துக்கிட்டு கப்பல் கப்பலாப் போகும். பதினெட்டு வருஷமா படகுலயே சமைக்குது. நீ எந்த அடுப்பு வெச்சிருக்கேன்னு கேட்டேன். இதே கேஸ்தான். பயமில்லையான்னேன். பயம் இருக்கறதாலதான் படகோட மேல் தளத்துல காத்தாட வெச்சு சமைப்பேன், உள்ள எறக்க மாட்டேன், சமைச்சதும் டப்பாவக் கழட்டி வெளியவே ஒரு பெட்டியில வெச்சுடுவேன், அவ்ளோதான்னு சொல்லுச்சு. அதுக்குள்ள ரெண்டு டீயும் ஊத்தி வித்துடுச்சு. ரெண்டு வருஷத்து ஆராய்ச்சி, ரெண்டு டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னேன். ஏங்க, மொத அடுப்பே போதும், மேல வெச்சு சமைக்கலாமாம். நாளைக்கே கடைய மூடறேன், கிளம்பலாம். அவர் தட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. ஒரு குறை சொல்வாருன்னு பாத்தேன். சொல்லல. அதுல எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். சரி, காலையில நான் முன்னாடி போய் கயிறு, எஞ்சினெல்லாம் பாத்து வெக்கறேன், நீ மெதுவா ஒன்பது மணிக்கு வான்னாரு.

ஒன்பதுக்கே போயிட்டேன். ஒரு கையில இந்தக் கேஸ் அடுப்பு, இன்னொரு கையில பை. துறையில ரெண்டு படகுக்கு நடுவுல ஒரு இடம் காலியாக் கெடக்கு. தப்பான எடத்துல வந்து நிக்கறேனோன்னு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன் தம்பி, நம்பர் பாத்துக்கிட்டு. காவக்காரர்தான் வந்து, என்னம்மா, நீங்க போகலையா, அய்யா ஏழு மணிக்கே ரொட்டி, பிஸ்கட், வாழப்பழம்னு ஏத்திக்கிட்டு கிளம்பிட்டாரே, உங்களுக்குக் கடல் ஒத்துக்காதுன்னு சொன்னாரேங்கறாரு. எனக்குக் கடல் ஒத்துக்காதாம்! ஃபோனப் பாத்தா ஒரு செய்தி. அடுப்பு விஷயம் இன்னும் முடிவாகல, இந்தத் தடவ நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வரேன், அடுத்த தடவ பாக்கலாம்னு. எழுத்துப் பிழைகூட இல்லாம எழுதியிருந்தாரு.

ஆமா. வெளிய போயிருக்காருன்னு சொன்னேன்ல, அதான். எட்டு நாளாச்சு. ஐயையோ, இல்ல, நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க. எனக்கொன்னும் இல்ல.

அழலாம்னுதான் உக்காந்தேன் துறைப் படிக்கட்டுல. அழுக வரல, பசிதான் வந்துச்சு. பையில மொத நாள் சமைக்கறதுக்கு முட்ட, வெங்காயம், எண்ணெய் எல்லாம் கட்டி வெச்சிருந்தேன். அங்கயே அடுப்ப வெச்சுப் பத்த வெச்சேன். ஒரே குச்சியில பிடிச்சிடுச்சு. கடல் காத்துக்கு லேசா ஆடுச்சு, அணையல. காவக்காரருக்கு ரெண்டு முட்ட, டீக்கார அம்மாவுக்கு ரெண்டு, எனக்கு மூணு. அந்த அம்மாதான் கேட்டுச்சு, உன் ஆளுக்கு அடுப்புல என்னக்கா பிரச்சனைன்னு. அடுப்புல ஒன்னுமில்லன்னேன். வாய்லருந்து வந்ததுக்கு அப்புறந்தான் எனக்கே வெளங்குச்சு. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் எனக்குத்தான் சர்டிஃபிகேட் குடுக்காம இருந்திருக்காரு. அத மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குத் தைரியம் இல்லாம, நாலு அடுப்பு.

அதனால நீங்க இந்தக் கேஸையே எடுத்துக்கங்க. மேல வெச்சு சமைங்க, உள்ள எறக்காதீங்க, டப்பா வெளிய. மீதி மூணையும் பாக்க சாயங்காலம் வேற ஒருத்தரு வராரு. விலையா? குடுக்கறதக் குடுங்க, நான் கணக்குப் பாக்கல.

அவர் வந்து கேட்டா என்ன சொல்வேனா? அவர் அதுக்குள்ளயே கேட்டுட்டாரு. முந்தாநாள் ஃபோன் பண்ணினாரு, ஏதோ ஒரு துறையிலருந்து. ஆறினதாவே தின்னு தின்னு வயிறு கெட்டுப்போச்சாம், ஒரு வாய் வெந்நிக்குக்கூட வழியில்லையாம், குரலே ஈனமா இருந்துச்சு. ஒரு அடுப்ப பார்சல்ல போட்டு அனுப்பறியான்னாரு. எதன்னு கேட்டேன். கேஸா, ஸ்பிரிட்டா, மண்ணெண்ணெயா, மின்சாரமா, எத அனுப்பட்டும்னேன். எதுவா இருந்தாலும் சரிங்கறாரு. சரிங்க, பாக்கறேன்னு வெச்சுட்டு, அன்னிக்கு மத்தியானமே நீங்க பாத்த அந்த விளம்பரத்தப் பேப்பருக்குக் குடுத்தேன்.

அடியிலயும் ஒரு கைய வெச்சுப் பிடிங்க. படியிலயே எறங்குங்க தம்பி, லிஃப்ட் ஓடாது.