இருபது நொடி

எனக்கு யாரையும் காக்க வைக்கிறது பிடிக்காது சார். பதினோரு வருஷம் அந்தத் தொழிற்சாலைக்கு டாக்டரா இருந்தேன். என் அறை வாசல் பெஞ்சுல ஒருத்தரும் பத்து நிமிஷத்துக்கு மேல உக்காந்ததில்ல. இதையும் எழுதிக்கோங்க.

அங்க வர்ற நோவெல்லாம் கை, தோள், இடுப்புதான். பாட்டில் மூடி திருகுறவங்க, பெட்டி தூக்குறவங்க. வலி வேலையால வந்துச்சா, இல்லையான்னு நான் சொல்லணும். வேலையாலன்னு எழுதினா நிர்வாகம் வைத்தியம் பாக்கணும், லேசான வேலைக்கு மாத்தணும். எனக்கு முன்னாடி இருந்த டாக்டர் மாசம் நாலு பேருக்கு அப்படி எழுதினார். ஏழே மாசத்துல நடையைக் கட்ட வெச்சுட்டாங்க. எனக்குப் பயம்தான் சார், மறைக்க என்ன இருக்கு. எனக்கும் குடும்பம் இருக்கு.

மணிக்கட்டுல நரம்பு அழுந்துதான்னு பாக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ரெண்டு புறங்கையையும் ஒட்டவெச்சு, மணிக்கட்டை மடக்கி, ஒரு நிமிஷம் அப்படியே வெச்சிருக்கணும். நரம்பு அழுந்தினா விரல் மரத்துப்போகும். என்கிட்ட வந்தவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அரை நிமிஷம் தாண்டித்தான் மரக்கும். நான் இருபதாவது நொடியில "போதும், எடுங்க"ன்னுடுவேன். மரப்பு இல்லைன்னு எழுதுவேன். அந்த நேரத்துல இல்லைதானே? பொய் எழுதுற பழக்கம் எனக்குக் கிடையாது.

மூடி திருகுற பொண்ணு ஒருத்தி மூணு தடவை வந்தா. கைக்குழந்தைக்காரி. மூணாந்தடவை நான் போதும்னு சொல்லியும் கையை எடுக்கல.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுப் பாக்கட்டுமா டாக்டர்? இப்பத்தான் ஆரம்பிக்குது."

"ஏம்மா, நான் டாக்டரா, நீ டாக்டரா?"

சிரிச்சுட்டா. "கோச்சுக்காதீங்க. டீ கிளாஸைத் தொட்டா சூடா இருக்கா, ஆறிடுச்சான்னே தெரிய மாட்டேங்குது. அதான் கேட்டேன்."

அவளுக்குப் பெருவிரலுக்குக் கீழ இருக்குற சதை வத்தியிருந்துச்சு, நரம்பு ரொம்ப நாளா அழுந்தினாத்தான் அப்படி ஆகும். நான் பார்த்தேன், பார்க்கலைன்னு சொல்லமாட்டேன். பிள்ளை பெத்த அசதின்னு எழுதி, வேலைக்குத் தகுதின்னு கையெழுத்துப் போட்டேன். அசதி இருந்துச்சே, யாருக்கு இல்ல?

ரெண்டு வாரம் கழிச்சு, குழந்தையைக் குளிப்பாட்ட தண்ணியில விரலை விட்டுப் பார்த்திருக்கா. எல்லா அம்மாவும் பாக்குறதுதான். அவளுக்கு வெதுவெதுன்னு இருந்துச்சாம்.

குழந்தை பிழைச்சுது. இடுப்புக்குக் கீழ தோல் போயிடுச்சு. இவ வேணும்னே பண்ணினதா மாமியார் புகார் கொடுத்தாங்க. கை மரத்துப்போச்சுன்னு இவ சொன்னதும், கோர்ட்டுல என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. என் பதிவுப்படி மரப்பு இல்லைன்னேன். நாலு வருஷம் போட்டாங்க. குழந்தை இப்ப அப்பா வீட்டுல வளருது. இவளைப் பார்த்தா அடையாளம் தெரியாதாம்.

ஜெயில் டாக்டர் முழு நிமிஷமும் வெச்சுப் பார்த்துட்டாராம். அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க. சரி, ஒத்துக்கிறேன். நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன். அவளுக்கு மட்டுமில்ல, இருநூறு பேருக்காவது இருக்கும். நான் எண்ணலை.

ஆனா எல்லாப் பழியையும் என் தலையில கட்டாதீங்க. கோர்ட்டுல நான் சொல்லி முடிச்சதும் அவ அழுவா, சாபம் விடுவான்னு நினைச்சேன். அவ என்னடான்னா என்னையே பார்த்துக்கிட்டு, ரெண்டு புறங்கையையும் ஒட்டவெச்சு, மடக்கிக் காட்டினா. நீதிபதிக்கு ஒண்ணும் புரியல. எனக்குப் புரிஞ்சுது, பழக்கதோஷம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்துல நின்ன போலீஸ்காரம்மா அவ கையைத் தட்டி இறக்கிவிட்டாங்க. பதினெட்டு நொடிதான் ஆகியிருந்துச்சு சார்.

நானா இருந்தா இன்னும் ரெண்டு நொடி கொடுத்திருப்பேன்.