குயிலுன்னு சொன்னியளாமே

அலோ... அலோ... ஏசுவடியா மதினியா? நான் வேதமணி பேசுதேன்... சங்கரன்கோவில்ல இருந்துதான். ஸ்கூல் ஆபீஸ் போனு. மருந்துக்கடை அண்ணாச்சி உடனே கடை போனுக்குக் கூப்பிட்டு விட்டாகளா?... சரி, சரி...

ஆமா, லெட்டர் வந்துச்சு. பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு எழுதியிருக்கிய... அது இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை கோயில்ல வச்சு என்னையக் குயிலுன்னு சொன்னியளாமே?... யார் சொன்னா என்ன? சொன்னியளா இல்லையா?... ம்... முட்டைய அடுத்த கூட்டுல போட்டுட்டு ஊர் ஊராத் திரியுதவன்னு... ம்... ம்...

மதினி, நான் பிள்ளைகளுக்கு சயின்ஸ் நடத்துதவ. எல்லாக் குயிலும் அப்படிக் கிடையாது. அமெரிக்காவுல உள்ள குயிலு தானே கூடு கட்டி, தானே அடைகாத்து, தானே இரை கொண்டாந்து ஊட்டும்... சிரிக்காதிய. புஸ்தகம் என் கையிலதான் இருக்கு...

சரி, அதையும் சொல்லிருதேன். எப்பவாவது ஒண்ணு ரெண்டு முட்டைய வேற கூட்டுல வைக்கும்னும் போட்டிருக்கு. மறைக்கல. நானும்தான் வச்சேன். என்னையத் தர்மபுரிக்கு மாத்திட்டாக, என்னையக் கட்டின உங்க தம்பி மிலிட்டரியில... கைப்பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவேன்? ரெண்டு வருசம் நீங்கதான் வளத்திய. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதுக்காகப் பிள்ளைய எழுதிக் குடுத்துட்டேனா?

...அழாதிய மதினி... உங்களுக்குப் பிள்ளை இல்லாத வருத்தம் எனக்குத் தெரியாதா... இல்ல. இல்ல மதினி. இன்னும் ஒரு வருசமெல்லாம் முடியாது... உங்க தம்பி எழுதினாலும் முடியாது. அவுககிட்டயும் இதையேதான் சொல்லுவேன். இங்கன மாத்தலாகி வந்தாச்சு, வீடும் பாத்தாச்சு. நாளைக்கு மொத பஸ்ஸுல நாசரேத்துக்கு வாரேன்... வீட்டைப் பூட்டிருவியளா? பூட்டுங்களேன். வாசல்ல உக்காருதேன், தெருவே பாக்கட்டும்!

என்னது?... ஜெபா அங்கனயா நிக்கா? குடுங்க... குடுங்க மதினி, ஒரு வார்த்தை...

ஜெபா... ஏட்டி, யாருன்னு தெரியுதா?... இல்லம்மா, டீச்சர் இல்ல... அம்மா. உங்க அம்மா... ஆமா... நாளைக்கு வாரேன்... ஏன் மக்கா?... ஓ... அத்தை இல்லாம வரமாட்டியா...

...அத்தையும் வரட்டும். எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். ஆனா நம்ம வீட்டுல. என்ன?... போனை அத்தைகிட்ட குடு...

மதினி, கேட்டியளா?... ஆமா. ஜெபா துணியோட உங்க சேலை நாலையும் எடுத்து வைங்க... நாளைக்கேதான். போனை வைக்கேன்.