வெள்ளிப் பூச்சு காயும் வரை

பம்பாய் மாட்டுங்காவில் தூசி அடங்குவது மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைதான். எங்கள் பில்டிங்குக்கு எதிரே பழைய கட்டடம் ஒன்றை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். இரண்டு மணிக்கு அந்த வேலையாட்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் படுத்துவிடுவார்கள். தெருவும் கொஞ்சம் கண் அயரும். பெயிண்ட் அடிக்கிறவனுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

தெரிந்த மொழியில் எழுதலாம் என்று நீங்கள் சொன்னதால் தமிழில் எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். முப்பத்தைந்து வருடம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இங்கிலீஷில்தான் எழுதினேன். அதில் எழுதினால் எல்லாம் லீவு லெட்டர் மாதிரி ஆகிவிடும்.

என் பெயர் பஞ்சாபகேசன். வீட்டில் பஞ்சு. வயது அறுபத்துமூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் அக்கா அகிலாண்டமும் செய்துகொள்ளவில்லை. அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், என்னைவிட எட்டு வயது பெரியவள். அப்பா அம்மா போன பிறகு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை என்று இருக்கிற அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த அக்டோபர் பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா இறந்துபோனாள். அது எப்படி என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் செய்வது பிளாஸ்டிக் விமானங்கள். விவரம் தெரியாதவர்கள் பொம்மை என்பார்கள். அவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. பெட்டிக்குள் நூறு, இருநூறு துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, தேய்த்து, ஒட்டி, இடுக்கில் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, அதற்குப் பிறகுதான் பெயிண்ட். ஒரு விமானத்துக்கு மூன்று மாதம் ஆகும். லாஃப்டில் திறக்காத பெட்டிகள் நாற்பத்தொன்று இருக்கின்றன. அதாவது இன்னும் பத்து வருடத்து வேலை. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் தூங்குவதற்கு முன் நினைத்துக்கொள்கிற எண் அது.

அக்காவுக்கு நாலு வருடமாக நுரையீரல் சரியில்லை. கடைசி ஒரு வருடம் மூக்கில் குழாயோடுதான் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், ஒரு சின்ன பெட்டி அளவு, ராப்பகலாக ஓடும். கட்டிலை ஹாலில் ஜன்னலோரம் போட்டிருந்தோம். என் மேஜையும் அங்கேயேதான். படுக்கையறை ஜன்னல் பில்டிங் நடுவிலுள்ள சந்துப் பக்கம் திறக்கும். அங்கே பகலிலேயே விளக்கு வேண்டும். நிறம் பார்க்க ஹால் வெளிச்சம்தான் சரி. அக்காவும் ஆட்சேபம் சொன்னதில்லை. "நீ பண்றதைப் பாத்துண்டே கெடந்தா நேக்குப் பொழுது போயிடும்டா" என்பாள்.

கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே நான் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டேன். பெயிண்ட் வாசனை அவள் பக்கம் போகக் கூடாதே என்று பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமி நினைத்துக்கொண்டாள். நானும் மறுத்துப் பேசவில்லை. உண்மையில் அது அவள் பக்கத்துத் தூசி என் பக்கம் வராமல் இருக்கத்தான். போர்வையை உதறினால் பஞ்சு பறக்கும், மேடம். கண்ணுக்குத் தெரியாது. ஈரப் பெயிண்டில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

அவள் கூப்பிடுவதற்கு பூஜை மணியைக் கையில் கொடுத்திருந்தேன். ஒரு தரம் அடித்தால் தண்ணீர். இரண்டு தரம் என்றால் பாத்ரூம். மூன்று தரம் என்றால் மூச்சு. பேசினால் மூச்சு இளைக்கும் என்று நான்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தேன். என்னைப்போல் கவனித்துக்கொண்ட தம்பி அந்தப் பில்டிங்கில் இன்னொருத்தன் இல்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகஸ்டு கடைசியில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் பெயிண்ட், தின்னர் எதுவும் இருக்கக் கூடாது என்றார். அவர் போன பிறகு அக்கா என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னாள்.

"பஞ்சு, இந்த ஒண்ணை முடிச்சுக்கோ. வாஷில நடக்கற மாடல் எக்ஸிபிஷன்ல வெச்சுடு. அதோட எல்லாத்தையும் கட்டி யாருக்காவது குடுத்துடுடா. என்னால முடியலை."

"சரிக்கா" என்றேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு முதல் கிட் வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது. கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

அந்த ஒன்று, கான்ஸ்டலேஷன். நாலு விசிறி, மூன்று வால் உள்ள பழைய பயணிகள் விமானம். மாடல் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். உடம்பு முழுக்கப் பளபளவென்று வெள்ளி. வெள்ளி அடிப்பது மற்ற நிறம் அடிப்பது போல இல்லை. முதலில் கண்ணாடி மாதிரிக் கறுப்பு அடிக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு காற்றால் பெயிண்டைத் தூவுகிற ஏர்பிரஷில் மெல்லிசாக வெள்ளி. மூக்கில் ஆரம்பித்தால் வாலில்தான் நிறுத்த வேண்டும். நடுவில் நிறுத்தினால், சுவரில் நேற்று அடித்த சுண்ணாம்பும் இன்று அடித்ததும் சேருகிற இடம் மாதிரிக் கோடு விழும். ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. மழைக்காலத்தில் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். அதனால் அக்டோபர் வரை காத்திருந்தேன்.

காத்திருந்த நாட்களில் பழைய பிளாஸ்டிக் துண்டுகளில் அடித்துப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்தினேன், தூசி விழுந்தது. ஃபேனை நிறுத்தினேன், அப்போதும் விழுந்தது. பிறகுதான் புரிந்தது. அந்த அறையில் அசைகிற காற்று அக்காவின் மெஷினிலிருந்து வருவது ஒன்றுதான். அது ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் தள்ளும். ஸ்விட்ச் என் மேஜைப் பக்கத்துச் சுவரில் இருந்தது.

நீங்கள் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறீர்கள். தேதி, நிறம், நிமிஷம் எல்லாம் புரிகிறது, கடைசிக் கட்டத்தில் இருக்கும் எண்கள் என்ன என்று கேட்டீர்கள். அது விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டரில் அக்காவுக்கு வந்த எண். ஐந்து நிமிஷம், எண்பத்தொன்பது. எட்டு நிமிஷம், எண்பத்துநாலு. பன்னிரண்டு நிமிஷம், எழுபத்தெட்டு. மெஷினை நிறுத்தினால் எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று தெரியாமல் நிறுத்துவது பொறுப்பில்லாத காரியம் அல்லவா. செப்டம்பர் முழுக்க, வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் பார்த்துக் குறித்திருக்கிறேன். கையெழுத்து எங்கேயும் கோணலாக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

"ஏண்டா பஞ்சு, மெஷின் நின்னுடுத்தே" என்று கேட்பாள்.

"கரண்ட் போயிடுத்துக்கா. இப்போ வந்துடும்."

"சித்த ஜன்னலையாவது திறயேன்."

"வெளியில ஒரே தூசிக்கா. நோக்கு ஆகாது."

அவள் நம்பினாள். என் வார்த்தையை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு அவள்மேல் மரியாதை உண்டு.

பதினாலாம் தேதி எல்லாம் கூடி வந்தது. வானம் வெளுத்திருந்தது, காற்றில் ஈரமில்லை. அக்காவுக்கு ரசம் சாதம் கரைத்துக் கொடுத்து வாய் துடைத்துவிட்டேன். எதிரே சத்தம் அடங்கியது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, இரண்டு பத்துக்கு மெஷினை நிறுத்தினேன். தரையில் தண்ணீர் தெளித்து, தூசி கீழே படிய ஆறு நிமிஷம் விட்டேன். பிறகு மூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.

இறக்கை வருவதற்குள் மணி மூன்று தரம் அடித்தது. "ஒரு நிமிஷம் அக்கா, இதோ வந்துட்டேன்" என்றேன். குரலை உயர்த்தவில்லை. இடது இறக்கை முடிந்தது. மறுபடி மூன்று தரம். ஷீட்டுக்கு அந்தப் பக்கம் அவள் கை மேலே போவது தெரிந்தது. வலது இறக்கை பாதியில் இருந்தது. பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று மேலேயே எழுதியிருக்கிறேன்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு தரம் அடித்தது. ஒரு தரம் என்றால் தண்ணீர். தண்ணீர் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். இதை நீங்கள் எத்தனை தரம் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் ஏற்பாடு அப்படித்தான்.

வால் முடிந்தபோது மூன்று மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. ஏர்பிரஷை உடனே கழுவாவிட்டால் ஊசி ஒட்டிக்கொள்ளும். கழுவினேன். விமானத்தை மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு மெஷினைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, ஷீட்டை விலக்கினேன். குழாய் மூக்கிலிருந்து நழுவியிருந்தது. திரும்ப மாட்டினேன். மணி அவள் உள்ளங்கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்கினேன். பிறகு மாமியைக் கூப்பிட்டு, கரண்ட் போய்விட்டது, அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அழுதேன். நடிக்கவில்லை. எனக்கு அவளைத் தவிர யாருமில்லை.

 மூன்றாம் நாள்தான் மாமி கேட்டாள்: "அன்னிக்கு கரண்ட் எங்க போச்சு பஞ்சு? நான் சீரியல் பாத்துண்டுதானே இருந்தேன். மெஷின் சத்தம் மட்டும்னா சுவத்துக்கு அந்தண்டை நின்னுது." அவள்தான் உங்களிடம் வந்திருக்க வேண்டும். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. மெஷினை நிறுத்தியது நான்தான். மணிச் சத்தம் காதில் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் முன்கூட்டியே திட்டம் போட்டேனா என்று நேற்று கேட்டீர்கள். அது மட்டும் மனசைப் புண்படுத்திவிட்டது. பதினாலாம் தேதி மத்தியானம் வரை எனக்கு அப்படி ஓர் எண்ணமே கிடையாது. மணி அடித்தபோது கையில் வேலை இருந்தது, அவ்வளவுதான். அக்காவே இருந்திருந்தாலும் புரிந்துகொண்டிருப்பாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வாஷியில் எக்ஸிபிஷன். விமானத்தை ஸ்டேஷனில் சாட்சிப் பொருளாக வைத்திருக்கிறீர்கள். யாராவது கையுறை போட்டுக்கொண்டு, அடியில் பிடித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் போதும். முன்னால் வைக்கிற கார்டு அவர்களிடமே இருக்கிறது. அதில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்தது இது: "கான்ஸ்டலேஷன். செய்தவர் பஞ்சாபகேசன், மாட்டுங்கா. மறைந்த என் அக்கா அகிலாண்டத்தின் நினைவாக." படிவம் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் ஐந்து. நான் மூன்றாம் தேதியே கொடுத்துவிட்டேன். கடைசி நாளில் போய் வரிசையில் நிற்கிற வழக்கம் எனக்கு இல்லை.