பழைய லைப்ரரியை அழித்தவள்

நாகர்கோவிலிலிருந்து அஞ்சுகிராமம் போகிற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “ஏட்டி, நேத்து ஆபீஸ்ல ஒரு சர்வர நானே கொன்னுட்டேன்.”

நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

“என்னட்டி செஞ்ச?”

“என் புரோகிராம அதுல ஏத்தினா லிங்கர் எரர்னு ஓட மாட்டேங்கு. எல்லா புரோகிராமும் பொதுவா எடுத்துக்கிடுத ஃபைலுதான் லைப்ரரி; என் புரோகிராம் கேக்கது புதுசு, சர்வர்ல கெடக்கது பழசு. பெரிய அறிவாளி மாதிரி பழச அழிச்சிட்டு புதுசத் தூக்கிப் போட்டேன்.”

“சரியாச்சா?”

“எங்க! மொத்த மெஷினும் பழச நம்பித்தான் ஓடியிருக்கு. அப்புறம் ஒரு கமாண்டும் வேலை செய்யல்ல. ஒரு ஆஸ்பத்திரியோட டோக்கனெல்லாம் அந்த சர்வர்லதான். அங்கேருந்து போனுக்கு மேல போன். வேலை போச்சுன்னு பேக்க எடுத்து மடியில வச்சிட்டேன்.”

“மேனேஜர்ட்ட சொன்னியா?”

“நான்தான் செஞ்சேன்னு சொன்னேன். நேரா சர்வர்ட்ட போனாரு. பென்டிரைவ் போட்டு மெஷின எழுப்பி, பழைய லைப்ரரிய திருப்பி வச்சாரு. ‘இதுக்கு ஏத்த மாதிரி உன் புரோகிராமத் திரும்பக் கம்பைல் பண்ணு’ன்னாரு. பண்ணினேன், ஓடிச்சு.”

“ஏசவே இல்லியா?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘துபாய்ல நானும் இதே மாதிரி பழச அழிச்சவன்தான் மக்கா. இல்லன்னா இப்போ நாகர்கோவில்ல ஏன் இருக்கேன்?’ன்னாரு.”