முப்பத்துநான்கு பேர் ஏறாத பேருந்து

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை கானிஸ் அவர்களே, கவுன்சிலர் டெக்லன் ஃபாலன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி ஊனா மெக்னிஃப் அவர்களே, கில்லவீன் ஊர்ப் பெருமக்களே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோரையும் பேருந்துப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் வணங்குகிறேன். பாதுகாக்கப் பேருந்து இல்லாமல் போய் நான்கு வருடமாகிறது. குழுவை யாரும் கலைக்கவில்லை.

வரும் வழியில் பார்த்தேன். பால்பண்ணை வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை சாலையின் இருபுறமும் கார்கள். மழையில் எண்ணத் தொடங்கி எண்பதில் விட்டுவிட்டேன். ஒரு பேருந்து ஓட்டுநருக்கு அஞ்சலி செலுத்த எண்பது கார்கள். இதைவிடப் பொருத்தமான மரியாதை அவருக்கு வேறு என்ன இருக்க முடியும்?

எனக்கு முன்னால் பேசிய பங்குத்தந்தை, கோல்மன் மெக்னிஃப் எளிமையான மனிதர் என்றார். உண்மை. கவுன்சிலர், அவர் கிராமப்புறப் போக்குவரத்தின் தூண் என்றார். அதுவும் உண்மை. அந்தத் தூண் எப்படிச் சாய்ந்தது என்பதை இருவருமே சொல்லவில்லை. நேரம் போதவில்லை போலும். எனக்கு நேரம் இருக்கிறது. மருந்துக்கடையை மகளிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருப்பவன் நான்.

கோல்மன் மெக்னிஃப் யார்? இருபத்தாறு வருடங்கள், காலை ஏழு நாற்பதுக்கு, இந்த ஊரிலிருந்து ஸ்லைகோ நகரத்துக்குப் பேருந்து ஓட்டியவர். ஆலங்கட்டி மழையிலும் ஓட்டினார், பனி உறைந்த சாலையிலும் ஓட்டினார். என் கடைக்கு மருந்துப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர். குஞ்சு பொரிக்கும் முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியதாகவும் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் மிஸஸ் கில்மார்டினுக்காக அவர் காத்திருந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

மிஸஸ் கில்மார்டினுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஸ்லைகோ போய் ரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். நிறுத்தம் அவர் வீட்டிலிருந்து அரை மைல். கோல்மன் நிறுத்தத்தில் நிறுத்தமாட்டார், வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்.

"வந்துட்டேன்டா, ஏன் உயிரை வாங்குற? செத்தவங்களை எழுப்பிடுவ போலிருக்கு" என்று அந்த அம்மாள் உள்ளேயிருந்து கத்துவார்.

"அவங்க எழுந்தா அவங்களையும் ஏத்திக்கிறேன், மிஸஸ் கில்மார்டின். சீட்டு நிறைய காலியா இருக்கு."

சீட்டு காலியாகத்தான் இருந்தது. தினமும் ஏறியவர்கள் நான்கு பேர். மிஸஸ் கில்மார்டின், இறைச்சி ஆலைக்குப் போகும் பிரேசில்காரர் அடில்சன், செவிலியர் படிப்புக்குப் போன இரண்டு பெண்கள். மற்ற நாமெல்லாம்? நம் ஊரில் பேருந்தில் ஏறுவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை என் கார் பழுதாகி இரண்டு நாள் ஏழு நாற்பது பேருந்தில் போனேன். அந்த வாரத்திலேயே மூன்று பேர் கடைக்கு வந்து, இருமல் மருந்து வாங்குவதுபோல் வாங்கி, குரலைத் தாழ்த்தி, "லைசென்ஸ் எப்ப திருப்பித் தர்றாங்க, ஆம்ப்ரோஸ்?" என்று கேட்டார்கள். நான்காவதாக வந்தவர் குடியை நிறுத்தியவர்களின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு என்னை அழைத்தார். அன்பான ஊர். கார் பழுதாகும் என்பதை மட்டும் நம்பாத ஊர்.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. நாளொன்றுக்கு முப்பது பேருக்குக் குறைந்தால் இந்தத் தடத்தை நிறுத்திவிடுவோம் என்று நிறுவனம் எழுதியது. நாம் கொதித்தோமா இல்லையா? எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டோம். இதே மண்டபத்தில் கூட்டம் போட்டோம். ஸ்லைகோவுக்குப் பேரணி போவதென்று முடிவு செய்தோம். போனோம். எப்படிப் போனோம்? அறுபத்தொரு கார்களில் போனோம். எத்தனை மணிக்கு? ஏழு முப்பதுக்கு. பேருந்தைக் காப்பாற்றப் போன நம் கார்கள் சாலை முழுக்க ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் கோல்மன் நான்கு பயணிகளோடு வழி கிடைக்காமல் வந்துகொண்டிருந்தார். மிஸஸ் கில்மார்டின் அன்று நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்.

"உங்களுக்காகத்தான் எல்லாரும் போராடுறாங்க" என்று கோல்மன் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"கொஞ்சம் ஓரமா நின்னு போராடச் சொல்லேன்டா" என்றாராம் அவர்.

பேரணி முடிந்த மறுநாள் கோல்மன் என் கடைக்கு வந்தார். வாடிப்போன முகம். இனி நான் சொல்லப்போவது இந்த மண்டபத்தில் முப்பத்துநான்கு பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும், அவர்கள் தெரியாததுபோல் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

அறுபத்தாறு வயதானவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. ஏறும்போது ஓட்டுநர் பக்கத்து இயந்திரத்தில் வைத்தால் ஒரு பயணி என்று பதிவாகும். எனக்கு அப்போதுதான் அறுபத்தாறு முடிந்து அட்டை வந்திருந்தது. அதை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

"இதைத் தினமும் ஒரு தடவை வச்சிடு, கோல்மன். நான் வந்த மாதிரி ஆயிடும்" என்றேன்.

அவர் அட்டையைத் தொடவில்லை. "நீங்களே வந்துடலாமே? சீட்டு நல்லா இருக்கும். ஹீட்டரும் போட்டுவிடுறேன்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சொன்னது நகைச்சுவை என்று நினைத்தேன். என் வாழ்நாளில் நான் தவறாகச் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடத் தவறான ஒன்று நினைவில் இல்லை.

கடைசியில், மிஸஸ் கில்மார்டினுக்காக, அவர் அட்டையை எடுத்துக்கொண்டார். பத்து நாளில் முப்பத்துநான்கு அட்டைகள் சேர்ந்தன. யாரும் திருட்டுத்தனமாகக் கொடுக்கவில்லை. பெருமையாகக் கொடுத்தோம். ஞாயிறு பூசை முடிந்து படிக்கட்டிலேயே கொடுத்தோம். கவுன்சிலர் கொடுத்தார். பங்குத்தந்தையும் கொடுத்தார். ஊருக்கு நம்மால் ஆனது என்றோம். காரை விட்டு இறங்காமலே பேருந்தில் போகும் வழியைக் கில்லவீன்தான் உலகில் முதலில் கண்டுபிடித்தது.

கோல்மன் அந்த அட்டைகளை எப்படிப் பயன்படுத்தினார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. வேறொருவராக இருந்தால் புறப்படும் முன் முப்பத்துநான்கையும் வரிசையாக வைத்து வேலையை முடித்திருப்பார். கோல்மன் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் உரியவர் வீட்டு வாசலில் பேருந்தை நிறுத்தினார். கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் வரவில்லை என்றால் மட்டும் அட்டையை வைத்தார். கதவை மூடினார். அடுத்த வாசல். ஏன் இப்படி என்று அடில்சன் கேட்டதற்கு, "ஒருவேளை வந்துட்டாங்கன்னா?" என்றாராம்.

இரண்டு வருடம் அப்படி நின்றார். என் வீட்டு வாசலிலும் நின்றார். சமையலறையில் தேநீர்க் கோப்பையோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும். கதவு மூடும். ஒரு நாளாவது போய் ஏறியிருக்கலாம். காலுறை போட்டிருக்கவில்லை என்று ஒருநாள் காரணம் சொல்லிக்கொண்டேன். மற்ற நாட்களுக்குக் காரணம் தேடியதாக நினைவில்லை.

உள்ளே உட்கார்ந்திருந்த நான்கு பேர் சும்மா இருக்கவில்லை. ஃபாலன் வீட்டு வாசலில் கதவு திறந்தால் மிஸஸ் கில்மார்டின் நகர்ந்து இடம்விட்டு, "வாங்க கவுன்சிலர், உக்காருங்க. இன்னிக்கு ரொம்ப இளைச்சுத் தெரியிறீங்களே" என்பார். பங்குத்தந்தை வீடு வந்தால், "எல்லாரும் வாயை அடக்குங்க, ஃபாதர் ஏறிட்டார்" என்பார்.

நிறுவனத்துக்கோ ஒரே மகிழ்ச்சி. மேற்கிலேயே வேகமாக வளரும் கிராமத் தடம் என்று கேடயம் கொடுத்தார்கள். படம் எடுக்கப் பேருந்துக்கு முன்னால் நாற்பது பேர் நின்றோம். கோல்மன் படத்தில் இல்லை. பேருந்தைச் சரியான வெளிச்சத்தில் நிறுத்த வேண்டியிருந்ததால் அவர் உள்ளே இருந்தார். அந்தப் படம் அடுத்த தேர்தலில் கவுன்சிலரின் துண்டறிக்கையில் வந்தது.

கவுன்சிலர் என் கோட்டின் பின்பக்கத்தை இழுக்கிறார். "ஆம்ப்ரோஸ், இது அதுக்கான இடமில்ல" என்கிறார். அப்படியானால் எது இடம், டெக்லன்? நான்கு வருடமாகத் தேடுகிறேன். பிறகு கோல்மன் மீது விசாரணை நடந்த அறையில், சாட்சி சொல்ல நம் இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டும் காலியாகவே இருந்தன.

ஆம், ஒருநாள் ஒரு பெண்மணி குடையோடு ஏறினார். நிறுவனத்தின் பரிசோதகர் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது வாசலில் அவர், "இவர் யாருக்காகக் காத்திருக்கார்?" என்று மிஸஸ் கில்மார்டினைக் கேட்டார்.

"வராதவங்களுக்காக" என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். "எங்க ஊர்ல அவங்கதான் அதிகம்."

ஸ்லைகோவில் இறங்கும்போது பேருந்தில் ஐந்து பேர். இயந்திரத்தில் முப்பத்தொன்பது.

அட்டைக்காரர்கள் எல்லோருக்கும் கடிதம் வந்தது. உங்கள் அட்டை ஓட்டுநரிடம் எப்படிப் போனது என்று கேட்டிருந்தார்கள். கொடுத்தோம் என்று சொன்னால் அட்டை ரத்தாகும், தொலைந்தது என்றால் புதிது கிடைக்கும். அட்டை போனால் டப்ளினுக்கு இலவசமாக ரயிலில் போய் ஆட்டம் பார்க்க முடியாது. எனவே முப்பத்துநான்கு பேரும் பதில் எழுதினோம். ஒரே ஊரில், ஒரே பருவத்தில், முப்பத்துமூன்று அட்டைகள் தொலைந்துபோயின. சிலவற்றை யாரோ எடுத்துவிட்டார்களாம். பங்குத்தந்தை மட்டும் பொய் எழுதவில்லை. "தற்போது என் அட்டை என் வசம் இல்லை" என்று எழுதினார். இறையியல் படித்தவர். நான் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். "கடைக் கவுண்டரில் வைத்திருந்தேன். பிறகு காணவில்லை." இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே உண்மை. அவற்றைச் சேர்த்தால் ஒரு மனிதன் திருடன்.

விசாரணையில் கோல்மன் ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. "அட்டைங்க என்கிட்டதான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். பயணிகளின் அட்டைகளைத் திருடி முறைகேடாகப் பயன்படுத்தியதற்காகப் பணிநீக்கம் என்று ஆணை வந்தது. ஆறு வாரத்தில் பேருந்தும் நின்றது. மிஸஸ் கில்மார்டினை மருத்துவமனைக்குப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே அவரைப் போய்ப் பார்ப்பதாக நாம் எல்லோரும் சொன்னோம்.

அதற்குப் பிறகு கோல்மன் இந்த ஊரில் நான்கு வருடம் நடந்தார். சொந்தக் கார் அவருக்கு எப்போதுமே கிடையாது. அவரைக் கடக்கும்போது நாம் வழக்கம்போல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னோம். அவரும் தலையசைத்தார். யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. பணப்பையை மட்டும் உள்பக்கப் பைக்கு மாற்றிக்கொண்டோம்.

ஒருநாள் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. "ஏன் எங்க பேரைச் சொல்லல, கோல்மன்?" என்று கேட்டேன்.

"சொன்னா மட்டும் ஏறியிருப்பீங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நேரத்தைக் கேட்பதுபோல் கேட்டார். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போன மாதம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்தார். மாரடைப்பு என்று சான்றிதழ் சொல்கிறது. சான்றிதழோடு நான் வாதாடப் போவதில்லை.

இன்று என்ன பேச வேண்டும் என்று அவர் மனைவி ஊனாவிடம் கேட்டேன்.

"நல்லவர்னு சொல்ல வேணாம், ஆம்ப்ரோஸ். அது எனக்குத் தெரியும்" என்றார். "திருடன்னு எழுதியிருக்காங்களே, அந்த ஒரு வார்த்தையை எடுத்துக் குடுங்க. பேரப்பசங்க ஒருநாள் அதைத் தேடிப் படிப்பாங்க."

அந்த வார்த்தையை எழுதியது நிறுவனம் அல்ல. நாம். எடுக்கவும் நம்மால்தான் முடியும். அதனால் இந்தக் குழுவின் செயலாளராக என் உறுதிமொழி இதுதான். போன செவ்வாய்க்கிழமை நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். "என் பயண அட்டையை நானே, என் கையால், கோல்மன் மெக்னிஃபிடம் கொடுத்தேன். காணவில்லை என்று நான் எழுதியது பொய்." அட்டை போகும். போகட்டும். என் ஒரு கடிதம் போதாது என்று பதில் வந்திருக்கிறது. ஒருவர் சொன்னால் ஞாபகப் பிசகு, முப்பத்துநான்கு பேர் சொன்னால் சாட்சியம் என்கிறார்கள். நியாயம்தான்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கிறது. அதில் இரங்கல் பதிவேடு வைத்திருக்கிறோம். இருநூற்றாறு பேர் மிக அழகாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அதன் பக்கத்திலேயே நான் எழுதியதைப் போன்ற முப்பத்துமூன்று கடிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் தட்டச்சாகி இருக்கிறது, கையெழுத்து மட்டும் பாக்கி. பங்குத்தந்தையின் கடிதத்தில் சொற்களை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், இரண்டு பொருள் வராது. தேநீரும் சாண்ட்விச்சும் அந்த மேசைக்கு அப்பால் இருக்கின்றன. ஊனா அந்த மேசையருகில்தான் உட்காரப்போகிறார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்.

இப்படிப்பட்ட கூட்டங்களை ஒரு நிமிட மௌனத்தோடு முடிப்பது வழக்கம். எழுந்திருக்கத் தொடங்கியவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். கோல்மன் மெக்னிஃபுக்காக நாம் ஏற்கெனவே நான்கு வருடம் மௌனமாக இருந்துவிட்டோம்.