இடது கன்னம்

சவரத்தில் எரிச்சல் வந்தால் எல்லோரும் கத்தியைத்தான் திட்டுவார்கள். கத்தி பாவம். பத்து முகத்தில் எட்டு முகத்துக்குக் குற்றவாளி நுரைதான். முப்பத்தொரு வருஷமாகச் சலூன் நடத்துகிறவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் கேட்பது என் அண்ணன் எப்படிச் செத்தார் என்று. அதற்கு நுரையிலிருந்துதான் வரவேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

சில தோல்கள் தொட்டாலே சிவக்கும். தாடைக்குக் கீழே பொரிப்பொரியாகக் கிளம்பும். அந்த மாதிரி ஆட்கள் என் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால் மறுமுறை வரமாட்டார்கள். கடையில் விற்கிற சோப்பில் வாசனைக்கென்றும் குளிர்ச்சிக்கென்றும் கண்டதையும் போடுகிறார்கள். அதனால் நானே காய்ச்ச ஆரம்பித்தேன். எண்ணெய், காஸ்டிக் சோடா என்கிற காரம், கிளிசரின். பெரிய வித்தை ஒன்றுமில்லை. காரம் கொஞ்சம் மிஞ்சினால் தோலைத் தின்றுவிடும், அவ்வளவுதான். மிஞ்சியதா என்று பார்க்க முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்ப்பார்கள். என் கையில் தடவி என்ன பிரயோசனம்? சோப்பிலேயே ஊறி எருமைத்தோலாகிவிட்ட கை. எனக்குத் தொட்டால் சிவக்கிற தோல் ஒன்று வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு அப்படிப்பட்ட தோல்.

அண்ணன் எதிர்ச்சாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சவரத்துக்கு என்னிடம் வரமாட்டார். இரண்டு தெரு தள்ளி இன்னொருவரிடம் போவார், அதுவும் என் கடை வாசல் வழியாக. ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது தலையை உள்ளே நீட்டி, "இவன்கிட்ட மூஞ்சியக் குடுக்கறதுக்கு உப்புத்தாள வாங்கித் தேய்ச்சுக்கலாம்" என்றார். முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்குப் பெண் பார்த்தபோது பெண் வீட்டார் அவரிடம் வந்து விசாரித்தார்கள். "பையன் தங்கம். புத்திதான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே என்னிடமும் வந்து சொன்னார். அந்தப் பெண் வேறு வீட்டுக்குப் போனாள். நான் தனிக்கட்டையாகவே இருந்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், வலது கன்னம் எல்லாம் மரத்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அண்ணிதான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, தாடி மண்டிப் போச்சு, அரிக்குது போல. வெளியாள வச்சா அவருக்குக் கூச்சமா இருக்கும். நீங்களே வந்து பண்ணி விடுங்களேன்."

ஒருநாள் விட்டு ஒருநாள், காலை எட்டு மணிக்குப் போவேன். ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைப்போம். சலூன் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டு, ஓரங்களை இறுக்கமாக அவருக்கு அடியில் செருகிவிடுவேன். அசைகிற இடது கை துணிக்குள்ளேயே கிடக்கும். இடது கன்னத்தில் நுரையைப் பூசிவிட்டு மனசுக்குள் எண்ணுவேன். எத்தனை எண்ணும்போது இடது கண்ணில் நீர் கட்டுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. முதல் சோப்புக்குப் பத்து எண்ணுவதற்குள் கட்டியது. காரத்தைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டி மறுபடி காய்ச்சினேன். மூன்றாவதற்கு நாற்பது வரை தாங்கினார்.

வலது கன்னத்தில் சோதிக்கலாமே, அவருக்கு வலித்திருக்காதே என்று உங்கள் டாக்டர் கேட்டாராம். படித்தவர் கேட்கிற கேள்வியா இது? மரத்துப்போன கன்னம் என்ன பதில் சொல்லும்? அந்தப் பக்கம் வெறும் எண்ணெய் தடவித்தான் மழித்தேன். அது கடைசிவரை பளபளவென்று இருந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்ப்பார். "உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே இவருக்குக் கண்ணு கலங்கிடுது தம்பி. வாய் இருந்தவரைக்கும் உங்களக் கரிச்சுக் கொட்டுனாரு. உள்ளுக்குள்ள எவ்வளவு பாசம் வச்சிருந்திருக்காரு பாருங்க."

"கூடப் பொறந்தவராச்சே அண்ணி" என்றேன். வேறென்ன சொல்வது?

அண்ணன் தொண்டைக்குள் ஏதோ சத்தம் செய்தார். அண்ணி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கண்ணையும் துடைத்துவிட்டார். கன்னம் ஏன் புண்ணாகிறது என்று ஒருநாள் கேட்டார். ஒருக்களித்தே படுப்பதால் தலையணை உரசுகிறது என்றேன். மறுநாளே மெத்தென்ற துணியில் உறை தைத்துப் போட்டார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கோடை தொடங்கும்போது ஒன்பதாவது சோப்பு வந்தது. புண்ணான கன்னத்தில் அதைப் பூசிவிட்டு ஐந்நூறு வரை எண்ணினேன். கண்ணில் துளி ஈரம் இல்லை. அண்ணன் கண்ணை மூடித் தூங்கிக்கூடப் போனார். அந்தச் சோப்பைக் கடையில் வைத்தேன். சிவக்கிற தோல்காரர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பச்சைக் குழந்தைக்குப் பூசலாம் என்கிறார்கள். அன்றைக்கு நுரையோடு சிரித்தாரே, அவர் வாரம் தவறாமல் வந்து கன்னத்தைத் தடவித் தடவிப் பாராட்டுகிறார். சூடு சொரணை இல்லாத ஜனம்.

அண்ணன் செத்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. புண் சீழ் வைத்து, ரத்தம் கெட்டு, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து போனார். நல்ல சோப்பு கைக்கு வந்த பிறகு அந்த நான்கு மாதமும் எதைப் பூசினாய் என்பதுதானே உங்கள் கேள்வி. முதல் சோப்பைத்தான் பூசினேன். தீர்ந்ததும் அதே அளவில் இன்னும் இரண்டு தடவை காய்ச்சினேன்.

பூசினதும் துணிக்குள் அந்தக் கை அடித்துக்கொள்ளும். பத்து எண்ணுவதற்குள் கண் நிறையும். அப்போது அண்ணன் என்னை நிமிர்ந்து பார்ப்பார், என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். ஐம்பத்துமூன்று வருஷத்தில் என்னை ஒரு மனுஷனாக மதித்து அவர் பார்த்தது அந்த நான்கு மாதம்தான் ஐயா. அதை நான் எப்படி நிறுத்துவது?